சும்மா இருப்பது போல

தோர்ஸ்ஹாவ்னில் ஒரு சர்வர்.
கிளாக்ஸ்விக்கில், மீன் உறையவைக்கும் கிடங்கின் மாடியில்
இன்னொன்று.
நடுவே கடல், கடலுக்கடியில் கம்பி,
கம்பிக்குள் நொடிக்கொரு தரம்
ஒரே கேள்வி.
இருக்கிறாயா?
இருக்கிறேன்.
இருக்கிறாயா?
இருக்கிறேன்.

மூன்று முறை பதில் இல்லையென்றால்
செத்ததாகக் கொள் என்று எழுதினேன்.
மூன்று போதுமா என்றான் ஹ்யால்தி.
அவனுடைய அப்பா போனை எடுக்கவே
ஏழு மணியடிக்க வேண்டும்.
ஐந்தாக்கினேன்.
படகுச் சீட்டு விற்கும் தளம்
ஐந்து நொடி மூச்சடக்கலாம்.

அக்டோபரில் முதல் ஒத்திகை.
ஹ்யால்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு
மின்கம்பியைப் பிடுங்கினான்.
இரண்டாவது எழுந்தது,
சொன்ன நேரத்தில் எழுந்தது,
முகவரியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டது.
அதன் சான்றிதழ் மட்டும்
பதினோரு நாளுக்கு முன்பே காலாவதி.
பதினெட்டுத் தீவிலும் திரைகள் சிவந்தன:
இந்தத் தளத்தை நம்ப வேண்டாம்.

ஓராண்டாக அங்கே நின்றது சர்வர் அல்ல,
சர்வரின் சட்டை.
ஒத்திகை பார்க்காத மாற்று
மாற்றே அல்ல,
வேண்டுதல்.

நவம்பரில் எல்லாம் சரியாக நடந்தது,
தோர்லெய்வுர் அலுவலகத்துக்குள் வரும்வரை.
வெளியே அவர் வண்டியில் ஒன்பது கிடாக்கள்,
கையில் பதிவு எண்,
பட்டியலில் பெயர் இல்லை.
பிரதி நாற்பது நொடி பின்தங்கியிருந்தது.
அந்த நாற்பதுக்குள் பணம் கட்டிய ஒரே மனிதர்.
"இரண்டு வைத்திருக்கிறீர்களாமே,
எதில் நான் இல்லை?"
ஒன்றில் இருக்கிறீர்கள் என்றேன்,
அது இப்போது அணைந்திருக்கிறது.
அவர் சிரிக்கவில்லை.
கிடாக்களில் ஒன்று ஏதோ சொன்னது.

டிசம்பர்ப் புயலில் சர்வர் எதுவும் சாகவில்லை.
கம்பிதான் செத்தது.
இதற்கு நாங்கள் தயாராக இல்லை.
இருக்கிறாயா?
இருக்கிறாயா?
இருக்கிறாயா?
இரண்டும் உயிரோடு,
இரண்டும் மற்றதற்குத் துக்கம் அனுசரித்து,
இரண்டும் கடமை தவறாமல்
ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்கு விற்றன.
தமக்குத் தெரிந்தவரையில்
இரண்டுமே செய்தது நியாயம்.
அதுதான் பயமாக இருந்தது.

ஆகவே மூன்றாவது.
உள்ளங்கையளவுப் பெட்டி.
வாகுர் பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் அறையில்,
காப்பி இயந்திரத்துக்குப் பின்னால்.
அது சீட்டு விற்காது, கணக்கு வைக்காது.
யார் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்று கேட்டால்
சொல்லும், அவ்வளவுதான்.
இரண்டு பேராகச் சேர்ந்தவர்கள் நடத்தட்டும்.
யாரையும் காணாத ஒருவர்
தன்னைத்தானே அணைத்துக்கொள்ளட்டும்.
கடைசி வரியை எழுத
எனக்கு இரண்டு நாள் ஆனது.
நிரலில் அது ஒரே வரி.

ஜனவரி, அதிகாலை மூன்று பன்னிரண்டு.
தோர்ஸ்ஹாவ்னில் மின்சாரம் போனது.
ஐந்து நொடி.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்,
ஹ்யால்தி தூங்கிக்கொண்டிருந்தான்,
யாரோ ஒருவர் படகுக்கு
சைக்கிளுடன் ஒரு சீட்டு எடுத்திருக்கிறார்.
புகார் இல்லை. நன்றியும் இல்லை.
காலையில் பதிவேட்டில் நான்கு வரி.
அதை ஹ்யால்தி இருமுறை உரக்கப் படித்தான்.

மதியம் பழையது மீண்டு வந்தது.
வந்ததும் நாற்காலியைக் கேட்கவில்லை,
அப்படித்தான் எழுதியிருந்தோம்.
விட்டுப்போன கணக்கையெல்லாம் பிரதி எடுத்துக்கொண்டு
வடக்கே திரும்பி, இம்முறை அது கேட்டது:
இருக்கிறாயா?

இங்கேயே முடித்திருக்கலாம்.
ஆனால் மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை
சாட்சியைக் காணவில்லை என்று எச்சரிக்கை.
போன் செய்தேன்.
மார்யுன் டீச்சர் எடுத்தார்.
வாஃபிள் சுட இடமில்லாமல்
ஏதோ ஒரு பிளக்கைக் கழற்றினாராம்.
"பெட்டி ஒன்றும் செய்யாமல்தானே இருந்தது?"

அடுத்த படகில் போனேன்.
சுவரில் ஒரு தாள் ஒட்டினேன்,
என் கையெழுத்தில், பெரிதாக:
பிடுங்காதீர்கள்,
சும்மா இருப்பது போலத் தெரிந்தாலும்.

ஒரு வாஃபிள் கொடுத்தார். சூடாக இருந்தது.